ஐந்தாவதின் குரலில் மூன்றாவது

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லியாகிவிட்டது. கிரிஜா மேடம் என்னைக் கடந்து அடுத்த நாற்காலியைப் பார்த்து, "தமீம், உங்க பக்கம்?" என்று கேட்டு, தமீமும் சரி மேடம் என்று சொல்லி, மேடத்தின் பேனா மூடி டக்கென்று மூடிக்கொண்டது, அவ்வளவுதான். நாளைய திறப்புக்கு எல்லாம் சரியா என்று மேஜையைச் சுற்றிக் கேட்ட வட்டம் முடிந்தது. இனி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. எனக்கு முன்னால் ரூஃபஸ் அண்ணன் சரி என்றார், அந்தச் சரி அடங்குவதற்குள் என்னுடையதும் வந்துவிட்டது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில். யோசித்துச் சொல்பவள் அப்படிச் சொல்லமாட்டாள். யாராவது கவனித்திருப்பார்களா. ஏசிக் காற்று நேராக என் கழுத்தில் விழுகிறது, மதியம் தின்ற சாம்பார் சாதத்தின் மஞ்சள் நகக்கண்ணில் நிற்கிறது, சோப்புப் போட்டும் போகவில்லை, கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் திரை, திரையில் டாக்டர் மெஹருன்னிஸா, மாவட்டத்தின் தடுப்பூசிகளுக்கெல்லாம் பொறுப்பானவர், தன் ஊர் அலுவலகத்திலிருந்தே பேசுகிறார், அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுவதால் முகத்தில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. நாளை காலையிலிருந்து அவருடைய சுகாதார நிலையங்களில் இருக்கிற மருந்துக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலை எங்கள் இயந்திரங்களுக்கு வரப்போகிறது. ஏழு இயந்திரங்கள், ஏழு ஊர்களில். கரண்ட் போய் ஒரு பெட்டி சூடாகிவிட்டால் அந்தச் செய்தியை ஏழும் கேட்கும், ஒன்றையொன்று விசாரிக்கும், ஐந்து ஒத்துக்கொண்டால்தான் அது பதிவாகும், பதிவானதை அப்புறம் யாரும் மாற்ற முடியாது. மறைக்க நினைக்கிற எவனோ இரண்டு இயந்திரங்களுக்குள் புகுந்து அவற்றைத் தன் இஷ்டத்துக்குப் பேசவைத்தாலும் மீதி ஐந்தும் உண்மையை விடாது. இரண்டு கெட்டாலும் தாங்கும். அதைத்தான் மேடம் இப்போது டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், திரையின் மூலையில் ஏழு பச்சை வட்டங்கள். மூன்றாவது வட்டம் பொய். இந்த அறையில் இரண்டு பேருக்கு அது தெரியும், ஒருவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார், இன்னொருத்தி நான்.

காலையில் கேட்காமல் இருந்திருக்கலாம். காலையில் எனக்கு வேலையே இல்லை, நாளைக்குத் திறப்பு, யாரும் எதையும் தொடவேண்டாம் என்று மேடம் சொல்லியிருந்தார், அதனால் இயந்திரங்களிலிருந்து பதில்கள் வருவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு நடை இருக்கிறது. ஒன்றாவது அவசரக்காரி, கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடும். நான்காவது இருக்கும் ஊரில் லைன் மோசம், எப்போதும் கடைசியாகத்தான் வாய் திறக்கும். மூன்றாவது சேலத்தில், ஐந்தாவது மதுரையில். ஐந்தாவது கொஞ்சம் திணறியது, கூடவே மூன்றாவதும் திணறியது. ஐந்தாவது சரியானது, மூன்றாவதும் சரியானது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன், பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலத்திலிருப்பதற்கும் மதுரையிலிருப்பதற்கும் எப்படி ஒரே நேரத்தில் இருமல் வரும். எழுந்து போய்த் தேநீர் மெஷின் பக்கம் நின்ற ரூஃபஸ் அண்ணனிடம் கேட்டேன், "மூணும் அஞ்சும் ஒரே மாதிரி இருமுதுண்ணே." அவர் சிரித்தார். "ஒனக்கு என்ன காதா, டாக்டர் வச்சிருக்கிற குழலா?" சிரிப்பு முடிவதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். கோப்பையைக் கீழே வைத்தார். "மூணு போன வாரமே செத்துப்போச்சு மக்ளே. புதுசு வர நாளாவும்னு சொல்லிட்டானுவ. மேடத்துட்ட சொன்னா தெறப்பத் தள்ளிப்போடுவாங்க, அப்புறம் மேல உள்ளவன் அவங்களப் புடுங்குவான். அதான் அஞ்சாவது மெஷினுக்குள்ளயே மூணுங்கற பேருல இன்னொண்ண ஓடவிட்டிருக்கேன். புதுசு வந்ததும் மாத்திருவேன். யாருக்கும் ஒண்ணும் ஆவாது, கேட்டியா?" கேட்டேன். கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். அவர் நல்லவர். அதுதான் நெஞ்சில் நிற்கிறது, அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம். நான் சேர்ந்த புதிதில் ஒரு கட்டளையைத் தவறான இயந்திரத்தில் அடித்து, எல்லாரும் சோதனைக்காகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் துடைத்துவிட்டபோது, மேடம் வந்து யார் இது என்று கேட்டபோது, என் வாய் திறக்கவே இல்லை, "நாந்தான் மேடம், தூக்கக் கலக்கம்" என்றார் இவர். அதற்குப் பிறகு என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "இங்க அண்ணன் நொண்ணன்லாம் கெடையாது, பேரச் சொல்லிக் கூப்புடு" என்று மட்டும் சொன்னார். எனக்கு இன்னும் வரவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆகாதுதான். எவன் வந்து மதுரையில் இருக்கிற ஒரு பெட்டிக்குள் புகப்போகிறான். ஆனால் புகுந்தால் அவனுக்கு ஒன்று அல்ல, இரண்டு வாய் கிடைக்கும். இன்னொன்றைப் பிடித்தால் மூன்று. மூன்று ஆகிவிட்டால் மீதி நான்குதான், ஐந்து என்பது எட்டாது, நாங்கள் சொன்ன வாக்கு அங்கேயே முடிந்தது. இரண்டு கெட்டாலும் தாங்கும் என்று மேடம் இப்போது இரண்டாம் முறையாகச் சொல்கிறார். தாங்காது மேடம். வாய்க்குள்ளேயே இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது, அவர் மூச்சு வாங்கும்போது சொல்லலாம், இதோ வாங்கினார், இதோ தொடர்ந்துவிட்டார். என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பார்களா, அல்லது வேறு யாருக்கும் அந்த இருமல் கேட்டே இருக்காதா. எனக்கு மட்டும் ஏன் கேட்டது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் காலை முதல் வகுப்பு, பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு பெயர் வாசிப்பார், என் தோழி ஜெபராணி தன் பெயருக்கு ஒரு தரம் எஸ் சார் என்பாள், கொஞ்ச நேரம் கழித்து என் பெயருக்கும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு எஸ் சார் என்பாள். நான் அப்போது விருதுநகரில் ஏதாவது ஒரு தெருவில் அப்பாவுடைய தண்ணீர் லாரிக்குப் பின்னால் நிற்பேன். கூட வரும் ஆள் வராத நாட்களில் ஹோஸ் பிடிக்க நான்தான். தடித்த குழாய், பாம்பு மாதிரி உதறும், தொட்டிக்குள் செருகி அணைத்துப் பிடிக்கவேண்டும், சுடிதார் முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டும், மாடியிலிருந்து கூடப் படிக்கிறவள் யாராவது எட்டிப்பார்த்துவிடுவாளோ என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். ஒரே ஒரு நாள் சீக்கிரம் வேலை முடிந்து, வகுப்புக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன். உள்ளே என் பெயரை வாசித்தார். என் பெயர்தான், நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து நானே எஸ் சார் என்றேன். அப்படித்தான் இருந்தது. ஜெபராணியின் மூச்சு, ஜெபராணியின் தொண்டைக் கரகரப்பு, பெயர் மட்டும் என்னுடையது. நான் உள்ளே போகவில்லை. அன்றைக்கு நான் உள்ளேயும் இருந்தேன், கதவுக்கு வெளியேயும் இருந்தேன், ஈரக் காலோடு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்று அப்பா என் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அதில் எத்தனை நாள் ஜெபராணி. அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய காதுதான் இது. ரூஃபஸ் அண்ணன் செய்தது தப்பு என்று சொல்ல நான் யார்.

நான் யார் என்று தொடங்கினால் அது நிற்காது. வீட்டில் காளி, சான்றிதழில் காளீஸ்வரி, இங்கே சேர்ந்த நாளில் மேடம் பெயர் கேட்டபோது ஈஸ்வரி மேடம் என்று வந்தது, பாதியை நானே கடித்துத் துப்பிவிட்டேன். அறைத் தோழிகளிடம் அப்பா டிரான்ஸ்போர்ட்டில் இருக்கிறார். அப்பா போனில், "ஏத்தா காளி, வேலை பெர்மனென்ட்தானத்தா?" என்று கேட்டால் பெர்மனென்ட்தான்ப்பா என்பேன், தகுதிகாண் காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று சொல்வதில்லை, அவர் லாரியை நிறுத்திவிட்டுக் கடையில் நாலு பேர் முன்னால் போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார். இந்த வேலைக்கு வந்து நான் முதலில் படித்தது இதுதான்: செத்த இயந்திரம் பிரச்சினை இல்லை, அது சும்மா இருக்கும், சும்மா இருப்பது தெரிந்துவிடும். எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொல்வதும் பெரிய பிரச்சினை இல்லை, எண்ணிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் இன்னொன்று என்று ஆளுக்குத் தக்கபடி சொல்கிறதே, அதற்காகத்தான் ஏழு வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை விசாரிப்பு, நீ கேட்டது என்ன, அவன் உன்னிடம் சொன்னது என்ன. படித்த அன்றைக்கு அது எனக்கு மிகவும் நன்றாகப் புரிந்தது. மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டதாக மேடம்கூடப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார்கள், வெட்கம்தான். அந்தப் பாடத்தில் இன்னொன்றும் இருந்தது, மற்றவை எல்லாம் ஒன்று சொல்ல ஒன்று மட்டும் வேறு சொன்னால், கெட்டது அந்த ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள். அதைப் படிக்காமலே எனக்குத் தெரியும். எங்கே போனாலும் மேஜையைச் சுற்றி எல்லாருக்கும் ஒரு பதில் இருக்கும், என்னிடம் வேறு ஒன்று இருக்கும், கெட்டுப்போனது நான்தான் என்று எடுத்துக்கொண்டு உள்ளே அழுத்திவிடுவேன். ஆனால் அந்தக் கணக்கு எப்போது சரி. மற்றவை தானாகக் கேட்டுத் தானாகச் சொல்லியிருந்தால் சரி. ரூஃபஸ் அண்ணன் சொன்னதைக் கேட்டு நான் சொன்னேன். தமீம் எதைக் கேட்டுச் சொன்னான். எங்கள் இரண்டு பேரையும் கேட்டு, பார்த்தவர்களே சொல்கிறார்கள் என்று சொல்லியிருப்பான். ஒரு பொய், அதன் மேல் ஏறி நிற்கிற சரிகள். அறைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம், எத்தனை பேர் உண்மையில் இருக்கிறோம்.

"மேடம், எனக்கு இந்த இயந்திரக் கணக்கெல்லாம் வெளங்காது" என்கிறார் டாக்டர் மெஹருன்னிஸா. நிழல் அவர் மூக்கின் மேல் போய்ப் போய் வருகிறது. "நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். கெட்டுப்போன மருந்தக் கையில எடுத்துப் பாத்தா பெரும்பாலும் நல்ல மருந்து மாதிரிதான் இருக்கும். போட்டாலும் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. காய்ச்சல் வராது, வீங்காது, அம்மாக்காரி சந்தோஷமாத் தூக்கிட்டுப் போயிருவா. ஒண்ணும் ஆகாதுங்கறதுதான் எனக்குப் பயம். அப்புறம் ஒரு நாளு அந்த நோய் ஊருக்குள்ள வரும், போட்ட புள்ளைக்கும் வரும், அன்னைக்குத்தான் தெரியும். அதனால நீங்க சொல்றத நம்பித்தான் நான் ஊசிய எடுக்கணும்." மேடம், "கண்டிப்பா டாக்டர்" என்கிறார். "ஏழும் ஏழு எடத்துலதான இருக்கு?" என்று டாக்டர் கேட்கிறார், ஊசி போடுவதற்கு முன்னால் தாயிடம் பிள்ளை சாப்பிட்டுச்சா என்று கேட்கிற மாதிரி, பதிலில் சந்தேகம் இல்லாத கேள்வி. "ஆமா டாக்டர், ஏழு ஊர். எங்க பசங்களே சரிபார்த்திருக்காங்க" என்று மேடம் எங்கள் பக்கம் கையைக் காட்டுகிறார், அந்தக் கை என் மேலும் வந்து போகிறது. ஒன்றும் ஆகாது. காலையில் ரூஃபஸ் அண்ணன் சொன்னதும் அதுதான், ஒன்றும் ஆகாது. என் சரியும் அப்படித்தான் இருந்திருக்கும், கையில் எடுத்துப் பார்த்தால் நல்ல சரி மாதிரி. டாக்டர் அதை எடுத்துக்கொண்டு போகிறார். பக்கத்தில் லேபிள் சுரண்டும் சத்தம் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, ஆனால் நான் சொல்லப்போகிறேன் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் மேடம், தூக்கக் கலக்கம். அந்தக் குரல். என் வாய் திறக்காத அன்றைக்கு எனக்காகத் திறந்த வாய். நான் எதைச் சொன்னாலும் அது அந்த வாயைத்தான் மூடும். சொல்லாதே. அப்பா கடையில் நாலு பேர் முன்னால். சொல்லாதே. காது சுடுகிறது, யாரோ மேடம் என்கிறார்கள், மெல்லிய குரல், நடுவில் உடைந்துவிட்டது, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"என்ன ஈஸ்வரி?" என்றார் மேடம். "என்னோடத எண்ணாதீங்க மேடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "நாஞ் சொன்ன சரி. அது என்னோடது இல்ல. அண்ணே சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்." இதுகூட ஒளிந்துகொள்வதுதான், அண்ணன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை, நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன். "மூணாவது மெஷின் இல்ல மேடம். அஞ்சாவதுதான் ரெண்டு பேருலயும் பதில் சொல்லுது. எனக்குக் காலையிலயே தெரியும். தெரிஞ்சேதான் சரின்னேன்." திரையில் டாக்டர் முன்னால் குனிந்தார், நிழல் அவர் நெற்றியை விட்டு விலகியது. மேடம் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பக்கத்தில் பார்த்தார், "ரூஃபஸ்?" என்றார். அவர் உரித்தெடுத்த லேபிளை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். "நாந்தான் மேடம்" என்றார். இந்தத் தடவை அது உண்மை. என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் சொல்லிருக்கலாம்லா" என்றார், கோபமாகக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து இவ்வளவு நேரம் இருந்தது. அவர் என்னைக் காப்பாற்றியது எல்லார் முன்னாலும், நான் அவரைக் காட்டிக்கொடுத்ததும் எல்லார் முன்னாலும். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று எங்கோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது, இல்லை, நனைந்த சுடிதாரோடு யாரோ மாடியிலிருந்து பார்த்துவிட்ட மாதிரிதான் இருந்தது. மேடம் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "டாக்டர், நாளைக்கு இல்ல" என்றார். "தேதி அப்புறம் சொல்றேன்." "நல்லதாப் போச்சு, சொல்லிட்டீங்க" என்றார் டாக்டர், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. திரை அணைந்தது. மேடம் எங்களை எழச் சொல்லவில்லை. "மறுபடி மொதல்லேருந்து கேக்கறேன். அவங்கவங்க பாத்தத மட்டும் சொல்லுங்க. பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்க" என்றார், மேஜையின் அந்த மூலையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் உடனே சொன்னார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார். ஒருவர் வாயைத் திறந்து, மூடி, நான் திறந்துகூடப் பார்க்கல மேடம் என்றார். ரூஃபஸ் அண்ணன், "என் பக்கம் சரியில்ல" என்றார். பிறகு மேடத்தின் கண் என் மேல் வந்தது. இப்போது இடது பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கையை மேஜை மேல் எடுத்து வைத்தேன், நகக்கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. தமீம் தன் முறைக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், மேடம் காத்திருந்தார், என் பதிலுக்கான இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று, யாரும் அதை எனக்காக நிரப்பவில்லை.